ஸ்கேன் காசு

பார்க்கிறதுக்கு மட்டும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா என்று கார் ஏஜென்ட் கம்பனிக்காரன் போனில் சொன்னபோது ஸக்கரியா ஹாஜியாருக்கு வயிறு எரிந்தது. அது திருத்துவதற்கான காசு அல்ல. காரில் வயரைக் கொழுவி, கம்பியூட்டரில் என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு மட்டும். திருத்தினால் அதற்கு வேறு பில்.

“பெரிய டொக்டரே மூவாயிரத்துக்கு நெஞ்ச தொட்டுப் பார்க்கிறான்டா!” என்று போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துத் திட்டினார். போனில் திட்டும் அளவுக்குத் தைரியம் கிடையாது.

மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற மனுசன் அவர். யார் மூட்டை கொண்டுவந்தாலும் மேலே கிடப்பதை நம்பமாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் ஈர மிளகு ஒளிந்திருக்கிறதா என்று துழாவிப் பார்ப்பார். ஊரான் மறைப்பதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். தான் மறைத்தால் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டார், பாவம்.

கார் ஐந்து வருடம் ஓடிய ஹைப்ரிட், பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற வகை. மகள் பஸ்லாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்காக வாங்கியது. அன்பளிப்பு என்று இரண்டு பக்கமும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டார்கள். கேட்டார்கள், வாங்கினார், அவ்வளவுதான் கதை. பஸ்லாவுக்கு முப்பத்தொரு வயது. இதுவரை ஏழு இடத்திலிருந்து வந்து தேத்தண்ணி குடித்து, பலகாரம் தின்று, பிறகு பதில் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். எட்டாவதாக வந்தவன் ஹஸீப். தம்புள்ளையில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை. நிக்காஹ்வுக்கு இன்னும் பத்தே நாள். கார்ட் அடித்துப் பாதியைக் கொடுத்தும் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் காரின் மீட்டரில் மஞ்சள் லைட் ஒன்று பற்றிக்கொண்டது.

அன்றைக்கு அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு ஹஸீபின் உம்மா ஸரீனா போன் எடுத்தாள். அவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“நானா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கி வாகனத்த தம்புள்ளையில ஏஜென்ட்கிட்ட ஒருக்கா காட்டுவோமே. எங்க தங்கச்சி மகனுக்குக் குடுத்த வாகனம் மூணு மாசத்துல ரோட்டுல நின்னுட்டு. அதான் ஒரு பயம்.”

“அதுக்கென்ன, நல்ல விசயம்தானே,” என்றார் ஹாஜியார். போனை வைத்ததும் காரடிக்குப் போய் அந்த மஞ்சள் லைட்டை மறுபடியும் பார்த்துவிட்டு வந்தார்.

காலை எட்டு மணிக்குப் பலாபத்வலயில் சசிக்குமாரின் கராஜ் திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். சசிக்குமார் நேர்மையான ஆள். சின்ன மெஷின் ஒன்றைக் கொழுவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“ஹைப்ரிட் பற்றரி பக்கம் ஏதோ காட்டுது ஹாஜியார். என்னன்னு சரியா சொல்ல நம்ம மெஷினுக்கு ஏலாது. லைட்டத்தான் நான் அணைக்கலாம், வருத்தம் உள்ளுக்கதான் இருக்கும். இருக்கிறத சொல்லிப்புட்டு ஏஜென்ட்கிட்ட காட்டிருங்களேன். சின்ன விசயமாவும் இருக்கலாம்.”

“பற்றரி போச்சுன்னு தெரிஞ்சா கல்யாணமும் போயிரும் தம்பி. நீ அணை.”

இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு சசிக்குமார் காரின் மெமரியை அழித்துக் கொடுத்தான். லைட் போயிற்று. ஹாஜியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்புள்ளைக்குப் போகும் வழியில் நாலந்தையில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்தார். ஸ்கேன் காசைக் காட்டச் சொன்னவர்கள்தானே கட்டுவார்கள், தனக்குப் பதினாறாயிரம் மிச்சம் என்ற சந்தோசத்தில் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டார்.

ஏஜென்ட் கம்பனியில் கண்ணாடிக் கதவு, குளிர், ஓசிக் கோப்பி. ஸரீனாவும் ஹஸீபும் முன்பே வந்து குஷன் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளை, “முதல்ல ஸ்கேன் காசு கட்டணும், பதினெட்டாயிரத்து ஐந்நூறு,” என்றது. ஹஸீபின் கை காற்சட்டைப் பொக்கட் வரை போய், அங்கேயே இளைப்பாறியது. ஹாஜியார் பல்லைக் காட்டிக்கொண்டு நோட்டுக்களை எடுத்து எண்ணி வைத்தார். கட்டமாட்டேன் என்று சுவரோடு சண்டை பிடித்த அதே காசு, ஒரு சதம் குறையாமல் போயிற்று.

முக்கால் மணித்தியாலம் கழித்து இரண்டு தாளோடு ஒரு சிங்களப் பொடியன் வந்தான். இஞ்சினியராம். மிகவும் மரியாதையாகச் சிங்களத்தில் விளக்கினான். பற்றரி நன்றாக இருக்கிறது. அதைக் குளிராக்குகிற சின்னக் காற்றாடியில்தான் தூசு அடைத்திருக்கிறது. கழற்றித் துப்புரவாக்க ஒன்பதாயிரம் ரூபா போகும். வேறு ஒன்றுமில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று ஹாஜியார் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

பொடியன் கடமை தவறாதவன். கடைசி வரியில் விரலை வைத்தான். கோளாறு காட்டிய பதிவை யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்த பிறகு கார் ஓடிய தூரம் நாற்பத்தொரு கிலோமீற்றர். அவனுக்கு யார்மீதும் கோபமில்லை, மெஷின் சொன்னதை வாசித்தான்.

“நாப்பத்தொரு கிலோமீற்றர்னா எந்த இடம் மகன்?” என்று ஸரீனா கேட்டாள்.

அவ்வளவு நேரமும் வாயே திறக்காத மாப்பிள்ளை போனில் மெப்பைத் தட்டிப் பார்த்தான். “பலாபத்வல, உம்மா.”

ஸரீனா கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். அவள் குரலில் தேன் வடிந்தது.

“கார் நல்ல கார்தான் நானா. இந்தச் சின்னப் பிழையக் கூட மறைச்சீங்களே, அதுதான் நெஞ்சுல குத்துது. பிள்ளைக்கும் முப்பத்தொன்னாகுது. ஏழு இடம் வந்து போயிருக்கு. ஏன் போனாங்கன்னு நாங்க யாருகிட்ட கேக்கிற? மாத்தளையில எனக்குத் தெரிஞ்ச லேடி டொக்டர் ஒருத்தங்க இருக்காங்க. பஸ்லாவ ஒருக்கா காட்டி, பிள்ளை பெத்துக்க ஏலும்னு அவங்க கையால எழுதின ஒரு துண்டு எடுத்துத் தாங்க. அது போதும்.”

எழுந்திருக்க வேண்டிய இடம் அது. கார்ச் சாவியைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு, உன் மகனுக்கு முதலில் ஒரு துண்டு எடுத்து வா என்று சொல்லியிருக்க வேண்டும். ஹாஜியார் ஹஸீபைப் பார்த்தார். ஹஸீப் போனைப் பார்த்தான். ஹாஜியாரின் தலைக்குள் கொடுத்து முடித்த கார்ட்கள்தான் ஓடின, ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு வாசலாக.

“காட்டினாப் போச்சு,” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அந்தச் செலவையும் நானே பார்த்துக்கிறேன்.” அதை யாரும் கேட்கவே இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மகளுக்குச் சொல்ல ஒரு பொய்யைத் தயாரித்தார். கல்யாணத்துக்கு முந்தி இப்போது எல்லாரும் ஒரு செக்கப் செய்கிறார்கள், சும்மா ஒரு ஊசி, ஒரு ரிப்போட். நாவுலையிலிருந்து வீடு வரை அதைத் தேய்த்து மினுக்கிக்கொண்டே வந்தார்.

பஸ்லா அபாயா உடுத்து, கைப்பையோடு கேற்றடியில் நின்றாள்.

“மாமி கோல் எடுத்தாங்க,” என்றாள். “நாலு மணிக்கு லேடி டொக்டர்கிட்ட நம்பர் போட்டாச்சாம். காசு நீங்க கட்டுறீங்கன்னு நீங்களே சொன்னீங்களாம்.”

“மகள், அது வந்து... இப்ப எல்லாரும்...”

“ஒன்னே ஒன்னு கேக்கிறேன் வாப்பா. எனக்கு ஒரு குறையும் இல்லன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

ஹாஜியார் வாயைத் திறந்தார். அந்தக் குளிர் அறையில் எத்தனையோ யோசித்திருந்தார். ஸ்கேன் காசைப் பற்றி, காற்றாடியைப் பற்றி, டொக்டருக்குக் கொடுக்கப்போகும் காசைப் பற்றி. இந்த ஒரு வசனம் அவருடைய நினைவுக்குக் கூட வரவில்லை. அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வெட்கத்தில் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“ஏறுங்க மகள்,” என்றார். “நம்பர் போயிரும்.”