குதிகால் உயரம்

பட்டறைத் தலைவர் அந்தச் செயற்கைக் காலை மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தார். அது பின்பக்கமாகச் சாய்ந்தது. விழுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

"குதிகால் வெச்ச செருப்புக்குன்னே செஞ்சிருக்காங்க. வெறுங்காலோட நின்னா மல்லாக்கத் தள்ளிடும். எந்தக் கத்துக்குட்டி வேலையோ," என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த மேலதிகாரி அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் தலைவர் ஓய்வுபெறுகிறார். அந்த இடத்துக்கு யார் என்று முடிவு செய்யத்தான் அவர் வந்திருந்தார். பட்டறையில் எல்லோருக்கும் பதில் தெரியும். காலம்மாதான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்துபோகும் அளவுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம காலம்மா கையில இப்படி ஒண்ணு வருமா?" என்று தலைவர் சிரித்தார்.

காலம்மா சிரிக்கவில்லை. பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. பதினோரு வருடங்களுக்கு முன், இந்தத் தலைவர் வருவதற்கும் முன்பு, இதே ஆஸ்பத்திரிப் பட்டறையில் யார் துணையும் இல்லாமல் அவள் தனியாகச் செய்த முதல் கால் அது.

"எங்க செஞ்சது டீச்சர்?" என்று தலைவர் கேட்டார்.

காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் ஊன்றுகோலை அணைத்தபடி இருந்த டீச்சர் ஒரு கணம் காலம்மாவைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்ட பார்வை.

"வெளியூர்ல. அது பழைய கதைங்க."

அவ்வளவுதான், முடிந்தது. காலம்மா வாயைத் திறக்கக்கூட வேண்டாம். பொய்யையும் வேறொருவர் சொல்லிவிட்டார். நிம்மதி வரவேண்டிய இடத்தில் சுருக்கென்றது. யார் கேட்டார்கள் இந்தப் பிச்சையை?

அவள் கண் செயற்கைக் காலின் கெண்டைக்காலுக்குப் போனது. டீச்சரின் நிஜக் காலில் உள்பக்கமாக ஒரு சின்ன வளைவு உண்டு. அதே வளைவு வரும்வரை மூன்று நாள் உப்புக்காகிதம் தேய்த்திருந்தாள். இப்போதெல்லாம் கெண்டைக்கால் பெட்டியில் வந்து இறங்குகிறது, எல்லோருக்கும் ஒன்றே. அதன் பிறகு அப்படி ஒன்றை அவளே செய்யவில்லை. குதிகால் தப்பு தன்னுடையது இல்லையென்றால் கெண்டைக்காலும் தன்னுடையது இல்லை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் செஞ்சது சார்."

"என்னம்மா, விளையாடுறியா?"

"உள்பக்கம் பாருங்க. என் கையெழுத்துல தேதி இருக்கும்."

தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"தப்பு எங்கன்னு தெரியுமா?" மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரியும்மா. தினமும் எந்தச் செருப்பு போடுவீங்கன்னு இவங்களைக் கேட்கலை. அன்னைக்குப் போட்டுட்டு வந்ததை வெச்சே உயரம் எடுத்துட்டேன்."

"அது என் தங்கச்சி செருப்பு," என்றார் டீச்சர். "ஆஸ்பத்திரிக்குப் போறோமே, நல்லதா ஒண்ணு போட்டுக்கலாம்னு இரவல் வாங்கினேன். அன்னைக்கிலேருந்து அதே உயரம்தான். என்னைப் பார்த்தாலே செருப்புக் கடைக்காரர் மேல்தட்டுக் குதிகால் செருப்புக்கு ஏணியை எடுத்துடுவார்."

மேலதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலம்மாவுக்கு வரவில்லை.

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"வாசல் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். நீங்க என் காலையே பூரிப்பா பார்த்துட்டு நின்னீங்க. அந்த முகத்துக்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?"

மேலதிகாரி பேனாவை எடுத்து நீளமாக ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று காலம்மா எட்டிப் பார்க்கவில்லை.

"கைக்கு வந்ததைக் கெடுத்துக்கிட்டியேம்மா," என்று தலைவர் முணுமுணுத்தார்.

"கெட்டா கெடட்டும் சார். இது என்னோடது."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு டீச்சரின் முன் தரையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல, பள்ளிக்கூடத்துல என்ன போட ஆசை?"

"தட்டைச் செருப்பு. நான் குள்ளம்னு பிள்ளைங்க கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்." டீச்சர் மேசையைக் கைகாட்டினார். "ஆனா அந்தக் கெண்டைக்காலை மட்டும் மாத்திடாதீங்க."

"அதுல கை வைக்க யாரையும் விடமாட்டேன்," என்றாள் காலம்மா.