ஆர்லனைத் தூண்டிலில் பிடித்த வெர்லா

ஆர்லன் ஹாக்ஸெத் ஆற்றில் மூழ்கிய பதினேழாம் நாள் அவனுடைய இடது கால் பூட்ஸ் மனைவி வெர்லாவின் தூண்டிலில் மாட்டி வந்தது. உள்ளே கால் இல்லை, காலின் சூடு மட்டும் ஆறாமல் இருந்தது. ஜனவரியில், தண்ணீர் ஏறி, ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலிலிருந்து டோல்ஸன் ஆற்றுக்குள் வரும் நாட்களில், அவன் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்திருந்தது. தேடியவர்கள் ஒன்பதாம் நாளே கைவிட்டிருந்தார்கள். பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்த வெர்லா, வீட்டுக்குப் போய் ஈயம் உருக்கத் தொடங்கினாள்.

அதுவரை அவள் ஆர்லன் செய்து வைத்த ஜிக்குகளைத்தான், மீனை ஏய்க்கும் ஈயத்தலைப் பொய் இரைகளைத்தான், போட்டுக்கொண்டிருந்தாள். அவை தீர்ந்துவிட்டன. கொக்கியை அச்சில் வைத்து, ஈயத்தை ஊற்றித் தலை வார்த்து, சாயம் பூசி அடுப்பில் சுட்டு, கழுத்தில் மெல்லிய இறகுகளை நூலால் சுற்றிக் கட்டினாள். விரல் நுனிகள் வெந்து தோலுரிந்தன. ரோஜா நிற ஜிக்குக்கு மீன்கள் வந்தன. ஒவ்வொன்றையும் முகம் பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டாள். வெள்ளைக்கு அவனுடைய மூக்குக் கண்ணாடி வந்தது, மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. கறுப்புக்கு ஒரு கையுறை. ஊதாவுக்கு ஒன்றுமே வரவில்லை. ஈயம் தீர்ந்ததும் காரின் சக்கரங்களிலிருந்த ஈய எடைத் துண்டுகளைப் பிடுங்கி உருக்கினாள்.

ஆர்லனின் தம்பி வெண்டல், வெறும் பெட்டியை வைத்துச் சனிக்கிழமை அடக்கம் என்று முடிவு செய்தான். அன்று காலை கறுப்புக் கோட்டோடு அவன் ஆற்றங்கரைக்கு வந்தபோது, அவள் இடுப்பளவு தண்ணீரில் உதடு நீலம்பாரித்து நின்றிருந்தாள்.

“வெர்லா, வெளிய வா. சர்ச்சுல எல்லாரும் உக்காந்திருக்காங்க.”

“உக்காரட்டும்.”

“நாப்பது நாளாச்சு. உனக்கு மட்டுந்தான் அவன் போனானா? எனக்கு அவன் அண்ணன் இல்லையா?”

“அப்ப கண்ணாடியில ஆவி எப்படி வந்துச்சு, சொல்லு.”

வெண்டல் கோட்டோடு தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் நின்றான். மிச்சமிருந்தது ஒரே ஜிக். சாயமில்லாத ஈயம், நாலே நாலு இழை இறகு. வீசினாள். மிதவை உள்ளே போனது. கோல் வில்லாய் வளைந்தது. இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் இழுத்தபின் ஆர்லன் வந்தான், உதட்டோரம் கொக்கியோடு, கன்னங்கள் வெள்ளியாக.

“மெதுவா எடு,” என்றான். “இத்தனை நாளும் கோழி கோழியா இறகைக் கட்டிப் போட்ட. இதுதான் திங்கிற மாதிரி இருந்துச்சு.”

அடக்கத்துக்குச் சமைத்த பன்றித் தொடையை ஊர் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டது. வெர்லா அவன் சட்டையை விடவேயில்லை. ஏப்ரலில் மீன்கள் கடல் திரும்பியபோது அவனுக்கு மூச்சுத் திணறியது. கதவைப் பூட்டிப் பார்த்தாள், காலைக் கட்டிக்கொண்டு அழுது பார்த்தாள். ஐந்தாம் நாள் அவளே காரில் ஏற்றிக் கொண்டுபோய் ஆற்றில் விட்டாள். அடுத்த ஜனவரியில் வந்தான். பிறகு ஒவ்வொரு ஜனவரியும். மீன் வரத்தை விசாரிக்கும் அதே குரலில் கடைத்தெருவில் கேட்பார்கள், “ஆர்லன் எப்ப வர்றான்?”

“இன்னும் தண்ணி ஏறல,” என்பாள் வெர்லா.