ஊசி சொன்னதும் கத்தி சொன்னதும்

டாக்டர் ஹென்ட்ஷெல் ஒன்பது ஆண்டுகளாக ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பரம்பரைத் தசைக் கோளாறு உள்ளவர்களுக்கு அறுவையின்போது தரும் மயக்க வாயுவே எமன்; அது யார் உயிரைக் குடிக்கும் என்று முன்கூட்டியே அறியத் தொடையை அறுத்துத் தசைத் துண்டு எடுக்க வேண்டியதில்லை. ஊசி வழியே மெல்லிய குழாயைத் தசைக்குள் விட்டு, ஒரு சொட்டு காஃபின் கொடுத்து, தசை பதறுகிறதா என்று அளந்தால் போதும். பழைய முறையைக் கசாப்பு என்பார்.

ஆய்வு முடிய ஆரோக்கியமான ஓர் ஆள் குறைந்தது. வருவதாகச் சொன்ன மாணவிக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக டாக்டரே சோதனைக் கட்டிலில் படுத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் அளவுகளைப் படிப்பது என் வேலை. ஆபத்துள்ளவர்களுக்கு ஏறுவதுபோல எண்கள் ஏறின. மறுபடி அளந்தபோதும் ஏறின.

"என்ன லீப்ஷரம்மா, பேச்சையே காணோம்?"

"வாழ்த்தணுமா, அனுதாபப்படணுமான்னு தெரியல டாக்டர்."

 அவர் உடம்பு நல்ல உடம்பென்றால் ஊசி பொய் சொல்கிறது. ஒன்பது ஆண்டும் வீண். ஊசி மெய் சொல்கிறதென்றால், ஒரு சாதாரணக் குடல்வால் அறுவையில்கூட அவர் செத்துப்போகலாம். ஊசியே ஜெயிக்கட்டும் என்ற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது. தீர்ப்புச் சொல்லக்கூடியது கத்தி மட்டுமே.

தொடையை மரத்துப்போகச் செய்துவிட்டு அறுவை மருத்துவர் டாக்டர் நோவாக் அறுத்தார்.

"கசாப்புக் கடைக்கே வந்துட்டீங்களே. எலும்போடயா, தனிக்கறியா?"

"பேசாம வெட்டுங்க."

மறுநாள் ஹென்ட்ஷெல் நொண்டிக்கொண்டே வந்தார். கொண்டாடுபவரே விருந்தளிக்கும் எங்கள் வழக்கப்படி பிளம் கேக்கும் அவரே வாங்கி வந்திருந்தார். வெட்டிய தசையைச் சோதித்த அறிக்கையை நான் கொடுத்தேன். அவர் தசை வாயுவுக்குச் சுருங்கியிருந்தது, காஃபினுக்குச் சுருங்கவில்லை. இரண்டுக்கும் சுருங்கினால் ஆபத்து, இரண்டுக்கும் சுருங்காவிட்டால் நலம்; இது இரண்டுங்கெட்டான். விதிப்படி, மயக்க மருந்து கொடுப்பவர்கள் அவரை ஆபத்துள்ளவராகவே நடத்த வேண்டும். ஆய்விலோ எந்தப் பக்கமும் சேர்க்கக் கூடாது. அவர் பெயருக்கு நேரே 'நீக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு வந்து கேக்கை வெட்டினேன். அவரும் நோவாக்கும் நானும் தின்றோம்.

இனி ரத்த உறவுகளையும் சோதிக்க வேண்டும். சில வாரம் கழித்து வந்த அவருடைய மரபணுச் சோதனையில் ஒன்றும் அகப்படாததால், அவர்களுக்கும் தசைச் சோதனைதான். மகள் ஃப்ரீடரிக்காவைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"உங்க ஊசியால பாத்தாப் போதாதாப்பா?"



"அது இன்னும் நிரூபணமாகலைம்மா."

"தழும்பு விழுமா?"

"சின்னதா."

மகளுக்கான சோதனைப் படிவத்தை அவர் முன்னால் நகர்த்தினேன். சோதனை வகை என்ற கட்டத்தில், தசைத் துண்டு எடுத்தல் என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார்.