கால் நீண்ட முக்கோணம்

அடீலைப் படம் பிடிக்கக் கேமராக்காரர் முழங்காலிட்டதைப் பார்த்ததும் விவியனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பிலடெல்பியாவில் அந்தக் கம்பெனியில், கணினிக்குக் கட்டளை எழுதுவதில் விவியனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் இதுவரை பேச்சு. கணினிகள் வந்த புதிது; ஒவ்வொரு கட்டளையையும் கையால் தாளில் எழுதித் தட்டச்சுக்காரியிடம் கொடுத்துக் காந்த நாடாவில் ஏற்றவேண்டும். ஒரு பெரிய கணக்குக்கு ஒரு மாதம் போய்விடும். பக்கத்து மேஜை அடீல் என்ன செய்தாள்? ஏற்கெனவே எழுதி வைத்த துண்டுகளைக் கணினியே எடுத்துக் கோத்துக்கொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். இன்று அது ஜெயித்தால் விவியனின் கெட்டிக்காரத்தனத்தை யார் சீந்துவார்கள்?

போதாக்குறைக்கு, அந்தத் துண்டுகளில் வர்க்கமூலம் காணும் துண்டு விவியனுடையது. "உன்னை மாதிரி சுத்தமா யாரும் எழுதறதில்லடி, ஒரு பிரதி கொடேன்" என்று போன வாரம் அடீல் கேட்டபோது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மளமளவென்று எழுதி மேஜையில் விட்டெறிந்தாள்.

அதன் வெள்ளோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் பாலம் கட்டும் கம்பெனிக்காரர்கள்; தங்கள் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கைக் கொடுத்திருந்தார்கள். காந்த நாடா சுழன்றது, விடை அச்சானது. அவர்களில் மூத்தவரான கெட்டரிங் அதைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இந்தப் பாலத்து மேல நியூயார்க்கையே தூக்கி வைக்கலாம் போலிருக்கேம்மா!"

விவியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மெஷினை நம்பினா இப்படித்தான் சார். இருங்க, எங்க தப்புன்னு நான் கண்டுபிடிச்சுத் தரேன்" என்று தாள்கட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடீல் எழுதியதை வரி வரியாகக் குடைந்தாள். பாழாய்ப்போனவள், ஒரு பிசகுகூட வைக்கவில்லை. கடைசியில் தன்னுடைய தாளுக்கு வந்தாள்.

வெற்றிடம் விடவேண்டிய இடத்தில் ஒரு சின்ன முக்கோணம் போடுவது அவர்கள் வழக்கம். பக்கக் கோடு கொஞ்சம் கீழே நீண்டுவிட்டால் தட்டச்சுக்காரி அதை 4 என்று நினைத்து அடித்துவிடுவாள். "முக்கோணத்துக்குக் கால் முளைக்க விடாதீங்கடி!" என்று புதுப் பெண்களை விரட்டுகிறவளே விவியன்தான். இங்கே அவள் போட்ட முக்கோணத்துக்கு நன்றாகவே கால் முளைத்திருந்தது.

தோளுக்குமேல் எட்டிப் பார்த்த அடீலும் அதைக் கண்டுவிட்டாள். விவியன் தாளைக் கையால் மறைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள்.

ஆனால் அடீல் முந்திக்கொண்டாள். "என் தப்புதான் சார். தட்டச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நான் சரிபார்த்திருக்கணும்."

"அடடா! தப்பை ஒத்துக்கற மனசு இந்தக் காலத்துல யாருக்கு வரும்!" என்று கெட்டரிங் உருகினார். கேமரா மறுபடியும் மின்னியது.

விவியனால் பொறுக்க முடியவில்லை. பேரையும் புகழையும் எடுத்துக்கொண்டது போதாதென்று, என் தப்பையுமா இவள் எடுத்துக்கொள்ளவேண்டும்?

"பொய் சார்!" என்று கத்தினாள். "அது என் தப்பு! என் கையெழுத்து! அவ புரோகிராம்ல ஒரு புள்ளிகூடத் தப்பில்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

திருத்தி ஓட்டினார்கள். இம்முறை பாலம் பாலமாகவே நின்றது. எல்லோரும் எழுந்து அடீலுக்குக் கைதட்டினார்கள். கெட்டரிங் மட்டும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு விவியனிடம் வந்தார்.

"நிஜமா தப்பை ஒத்துக்கிட்டவ நீதான். உன் பேரு என்னம்மா?"

அன்றைக்கு அவளிடம் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். விவியன் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.