நாயின் முதுகில் ஒரு கோடு

தங்கையின் தலைமாட்டில் போட்ட நாற்காலியில், அவள் படம் வரைந்த டேப்லெட்டை நிமிர்த்திவைக்க அக்கா படாத பாடு பட்டாள். வைக்க வைக்க அது வழுக்கிச் சரிந்தது.

"பிரிண்ட் எடுத்து வைப்போமே" என்று அவள் சொல்லித்தான் பார்த்தாள்.

"வேணாம்க்கா. அவ வரைஞ்ச அசலே இருக்கட்டும்" என்றுவிட்டார் தங்கையின் கணவர்.

அசலாம். கையால் தொட ஒன்றுமில்லாத படத்துக்கு அசல் என்ன, நகல் என்ன? அவளுக்கு வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவள் செத்துக் கிடக்கும்போது இப்படி எரியலாமா என்று கூசியது. கூசிக்கொண்டே எரிந்தது.

படத்தில், நிற்கிற பஸ்ஸுக்கு அடியில் ஒரு நாய் தூங்குகிறது. அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருடைய போனைத் திறந்தால் அந்த நாய்தான். அக்காவும் படம் போடுகிறவள். அவளுடைய கேன்வாஸ்கள் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கின்றன. இத்தனை வருஷத்தில் விலைபோனது ஒன்று. அதையும் ஒரு பல் டாக்டர், சுவரில் ஈரம் ஊறிய இடத்தை மறைக்க வாங்கிப் போனார்.

"உன்னோடது தீப்பிடிச்சா போச்சு. என்னோடது எங்கேயும் போகாதுக்கா" என்று தங்கை ஒருமுறை சிரித்தாள். அன்றைக்கு அக்கா சாப்பிடாமலே வீடு திரும்பினாள்.

திரைமேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. தன்னுடையதுதான். விரலால் வழித்தாள். வழித்த இடத்தில், நாயின் முதுகில், பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. தங்கை கடைசியாக எடுத்த நிறம் அப்படியே இருந்திருக்கிறது.

அவளுக்குப் பகீரென்றது. மூலையில் வளைந்த அம்புக்குறி தெரிந்தது. தப்பாகப் போட்டால் அதைத் தட்டினால் போதும் என்று தங்கை காட்டியிருக்கிறாள். காய்ந்த சாயத்தைச் சுரண்டி நகம் தேய்ந்த அக்காவுக்கு அன்று அந்த அம்பின் மேலும் பொறாமை வந்தது.

விரலை அம்புவரை கொண்டுபோனாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

தங்கையுடன் வேலை பார்த்த பெண் ஒருத்தி மாலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். படத்தைப் பார்த்தவள் அங்கேயே நின்றாள்.

"அந்த முதுகைப் பாருங்களேன். மூச்சு விடுற மாதிரி இருக்கு. என் போன்ல இது இப்படித் தெரியலையே."

"அசலாச்சே" என்றார் தங்கையின் கணவர்.

அக்கா தங்கையின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டேப்லெட் சரியாமல் இருக்க, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.