பாடை வராத வியாழக்கிழமை

"பூமிக்குள்ள அம்புட்டுத் தீ இருக்கே, அது பொங்கிறாம யாரு முழிச்சிருந்து பாக்கிறா?"

ஏழு வயதில் ஞாயிறு பள்ளியில் கிருபாபாய் கேட்ட கேள்வி இது. கர்த்தர் பார்த்துக்கொள்கிறார் என்றார் பாடம் நடத்தியவர். அவருக்குத் துணைக்கு ஆள் வேண்டாமா என்று திரும்பக் கேட்டதற்கு அவளைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

நாற்பத்தாறு வயதில், 1987ஆம் வருஷம், அந்தத் துணை ஆட்களில் ஒருத்தியாக அவள் இருந்தாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் காலை பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, சத்திரப்பட்டி ரோட்டில் ஓர் ஒற்றை அறைக் கட்டடத்தைத் திறப்பாள். அறைக்கு நடுவே எட்டடிப் பள்ளம். பள்ளத்தின் அடியில், கெட்டிப் பாறைமேல், நில அதிர்வை அளக்கும் கருவி. மேலே உருளையில் சுற்றிய காகிதத்தில் ஊசி கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். கருவியை வைத்த காலத்தில் சுற்றிலும் பருத்திக்காடு. இப்போது சுவரை ஒட்டினாற்போல் ஐயாதுரையின் தறிக்கூடம். பதினான்கு விசைத்தறிகள் ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் துணி நெய்தன.

அந்த வருஷம் சுமத்ராவுக்குத் தெற்கே கடலுக்கடியில் ஓர் எரிமலை வீங்கிக்கொண்டிருந்தது. மொத்தமாக வெடித்தால் சாம்பல் வானத்தை மூடிவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு உலகமெங்கும் வெயில் குறைந்து, மழை தப்பி, கோடிக்கணக்கானவர்கள் பட்டினியில் சாவார்கள் என்று ஏழு நாட்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். கப்பலிலிருந்து துளை போட்டு ஆவியைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேற்றினால் தப்பலாம். தப்பான இடத்தில் துளைத்தால் அதுவே வெடிக்க வழியாகிவிடும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கடலடியில் ஒரு வெடி வைத்து, அந்த அதிர்வு பூமிக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று நாலா திசையிலும் கேட்கவேண்டும். எரிமலைக்கு வடமேற்கில் நல்ல பாறைமேல் இருந்த கருவி கிருபாபாயுடையது ஒன்றுதான்.

ஆனால் அவள் அனுப்பிய பதிவுகள் ஒரு மாதமாக எல்லோரையும் குழப்பியிருந்தன. எரிமலை காலை ஆறு மணிக்கு முனக ஆரம்பிக்கிறது, மதியம் பன்னிரண்டரைக்கு அரைமணி நேரம் ஓய்கிறது என்று வெளிநாட்டில் ஒருவர் கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார். கிருபாபாயும் சேர்ந்துதான் குழம்பினாள். கேட்டுக் கேட்டுத் தறிச்சத்தம் அவள் காதிலேயே விழாமல் போயிருந்தது. ஒருநாள் தறிப்பெண்கள் அவள் வாசற்படியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்த நேரத்தில் ஊசி அடங்கியதைப் பார்த்துத்தான் தலையில் கைவைத்தாள்.

வெட்கத்தோடு உண்மையை எழுதி அனுப்பினாள். 'பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல, நிலையத்தை மூடிவிட்டு வரவும்' என்று மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. மூடமாட்டேன் என்று ஒரே வரியில் பதில் போட்டாள். இருபது வருஷ வேலையில் அவள் மறுத்து எழுதிய முதல் கடிதம் அது.

வெடிக்கு நேரம் குறித்தாயிற்று. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று பத்து. ஏழு நாட்டுக் கடிகாரங்களும் அதற்குத்தான் காத்திருந்தன, மாற்ற வழியில்லை. அந்த இருபது நிமிஷம் தறி ஓடக்கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். மதுரையிலிருந்து உத்தரவு வரவேண்டும், பத்து நாளாகும் என்றார்கள். கேட்காமல் தினமும் போகிற கரண்ட், கேட்டால் போகாதாம்.

ஐயாதுரையிடம் போனாள்.

"வெள்ளிக்கிழமை காலையில லாரி வருதும்மா. இருவது நிமிசம்னா பதினாலு தறிக்கு எம்புட்டுத் துணின்னு நீங்களே பாருங்க. எங்கயோ கடல்ல கெடக்க மலைக்கு நான் தறிய நிறுத்தணுமா?"

புதன்கிழமை மதியம் வாசற்படியில் தறிப்பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். பதினான்கு பேருக்கும் மூத்தவள் இசக்கியம்மாள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"மிசினம்மா, செத்த நேரம் தறி நிக்கணும். அதான?"

"அம்புட்டுத்தான், இசக்கியக்கா."

பெத்தம்மாள் சிரித்தாள். "ஒரு பாடையக் கட்டித் தெருவழியா விட்டுட்டாப் போச்சு. மொதலாளி வாயே தெறக்க மாட்டாரு."

அந்தத் தெருவின் வழக்கம் அது. சுடுகாட்டுக்குப் போகும் பாதை தறிக்கூடத்தைத் தாண்டித்தான். பாடை வந்தால் அத்தனை தறியும் நிற்கும். முக்குத் திரும்பும்வரை ஓடாது. எந்த முதலாளியும் அதற்குக் கணக்குக் கேட்டதில்லை.

கிருபாபாய் தலையசைத்தாள். "வேண்டாம் பெத்தம்மா. பொய்ப்பாடை தூக்கி நல்ல காரியம் செய்யக்கூடாது. அது எனக்குச் சம்மதமில்ல."

"ஏட்டி, நீ சும்மா கெட" என்று பெத்தம்மாளை அடக்கினாள் இசக்கியம்மாள். கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டாள்: "அந்த மலை வெடிச்சா எத்தன பேரு சாவாகன்னு சொன்னிய?"

"கோடிக்கணக்குல."

"அவியளுக்கும் பாடை வரும்லா?"

"பாடை கட்டக்கூட ஆள் இருக்காது."

"அப்பச் சரி" என்று எழுந்தாள் இசக்கியம்மாள்.

வியாழக்கிழமை மூன்று ஐந்துக்குச் சுவருக்கு அப்பால் ஒரு தறி நின்றது. பிறகு அடுத்தது. பதினான்காவதும் நின்றபோது கிருபாபாய்க்குத் தன் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டது. வேலைநாள் பிற்பகலில் வருஷக்கணக்காக இழுக்காத நேர்கோட்டை ஊசி இழுத்தது.

ஐயாதுரை கணக்கறையிலிருந்து ஓடிவந்தார். "யாருட்டி செத்தது?"

"இன்னும் யாரும் சாவல, மொதலாளி" என்றாள் இசக்கியம்மாள்.

"பொறவு எதுக்கு நிறுத்துனிய?"

"செத்தவுகளுக்கு நிறுத்துனா ஒரு வார்த்த கேக்க மாட்டிய. உசுரோட இருக்கவுகளுக்கு நிறுத்துனா மட்டும் கேப்பியளோ?"

அவர் சுவிட்சைப் போடக் கை நீட்டினார். பதினான்கு பெண்களும் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை, நகரவுமில்லை. பாடை போகும்போது செய்வதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அவர் கை கீழே இறங்கியது. பழக்கதோஷத்தில் தோள்துண்டையும் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

வெடி வைத்துச் சில நிமிஷங்கள் கழித்து ஊசி துள்ளியது. மெல்லிய துள்ளல், தறி ஓடியிருந்தால் தெரிந்தே இருக்காது. கிருபாபாய் நேரங்களைக் குறித்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு ஓடினாள். அன்று சாயங்காலம் அந்த எண்கள் தந்தியில் போயின. சனிக்கிழமை பதில் வந்தது: துளைக்க நினைத்திருந்த இடம் தப்பு, உங்கள் பதிவால் தெரிந்தது, தெற்கே நகர்கிறோம்.

செய்தியைச் சொல்லத் தறிக்கூடத்துக்கு ஓடினாள். பெண்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். இசக்கியம்மாளை மட்டும் காணவில்லை.

"மொதலாளி அவிய மேலதான் கோவமா இருக்காரு" என்றாள் பெத்தம்மாள். "மத்தவுகள விட்டுட்டாரு. நாளைக்கு லீவுநாள்ல ஒத்த ஆளா வந்து பதினாலு தறிக்கடியிலயும் பஞ்சத் தூத்து அள்ளணுமாம். முட்டி மடக்க முடியாது அவியளுக்கு. இப்பமே கால் வலின்னு வீட்டுக்குப் போயிட்டாவ."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிருபாபாய் வந்து இறங்கினாள். தறிக்கூடத்துச் சாவி நிலைக்கு மேலே இருப்பது அந்தத் தெருவுக்கே தெரியும். உள்ளே போய்ச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முதல் தறிக்கடியில் முழங்காலிட்டாள். எண்ணெயில் ஊறிய பஞ்சு அடை அடையாக ஒட்டியிருந்தது. தென்னந்துடைப்பத்தால் சுரண்டினாள், வராத இடத்தில் நகத்தால் எடுத்தாள். ஏழாவது தறியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. செத்த நேரம் படுத்துக் கிடந்துவிட்டு எட்டாவதுக்குப் போனாள்.

பதினான்காவதும் முடிந்தபோது நாலு சாக்கு நிறைந்திருந்தது. அவற்றைப் பின்கட்டில் அடுக்கினாள். தரையை ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாள். கதவைப் பூட்டிச் சாவியை நிலைமேல் வைத்தாள். தெருமுனையில் இசக்கியம்மாள் காலை இழுத்து இழுத்து வருவது தெரிந்தது. கிருபாபாய் அடுத்த சந்தில் திரும்பி, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.