சந்தனம் அப்பிய டயர்

காரின் மற்ற மூன்று டயர்களிலும் காலணா அளவுக்குத்தான் சந்தனப் பொட்டு. முன்பக்கத்து இடது டயரில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தது. அதைப் பார்த்ததுமே டிரைவர் சவரிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே இடத்தில்தான் போன வெள்ளிக்கிழமை நமணசமுத்திரம் பாலத்துக் கல் கிழித்திருந்தது. உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது, கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்தும் இருந்தது. அன்றைக்கே முதலாளி ஆவுடையப்பனைக் கூட்டிவந்து குனிய வைத்துக் காட்டினான். "பாத்துக்கலாம் போ" என்றார். மாட்டுவதற்கு ஸ்டெப்னியும் இல்லை. அதை அவர் மச்சினன் காருக்குத் தூக்கிக் கொடுத்து மாதம் ஒன்றாகிறது. நேற்று ஆயுத பூசை. சவரிநாதன் ஆவூர் மாதா கோயிலுக்குப் போயிருந்தான், அந்த நேரம் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்று விஜயதசமி. முதலாளியின் ஒன்பது மாதக் கர்ப்பிணி மகள் அழகம்மாளைக் கந்தர்வக்கோட்டையிலிருந்து பிரசவத்துக்குத் திருமயம் அழைத்து வர வேண்டும். போக வர அறுபது மைல். முதலாளியின் சம்சாரம் பிரகதாம்பாள் பூசைத் தட்டையும் செம்புத் தண்ணீரையும் கார் முன்னால் வைத்துவிட்டு, பூவும் பழமுமாகக் கிளம்பி நின்றாள்.

"மொதலாளி, இந்த டயரோட போகப்படாதுங்க. புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு வாரப்ப இது வெடிச்சா வண்டி எங்கிட்டுப் போகும்னு சொல்ல முடியாதுங்க."

"எது? நல்லாத்தானே இருக்கு."

"சந்தனத்தத் தொடைச்சுப் பாருங்க."

ஆவுடையப்பன் குரலை உயர்த்தினார். "பூசை போட்ட சந்தனத்த மறுநாளே அழிக்கச் சொல்றியா? வேதக்காரன் ஒனக்கென்ன தெரியும் சாமி காரியம்? தொட்டுறாத!"

சவரிநாதன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாக இதே காரைக் கழுவி, இதே பூசைக்கு வாழைக்கன்று வெட்டிக் கட்டியவன் அவன். ஒரு நாளாவது அவன் மதம் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததுண்டா? டயர் கிழிந்தபிறகு மட்டும் வேதக்காரனாகிவிட்டானாம்! சந்தனத்தைத் துடைத்தால் ஊரே அவன்மேல் பாயும். துடைக்காமல் ஓட்டினால் இரண்டு உயிர் அவன் தலையில்.

"அப்ப வேற ஆளப் பாருங்க. நான் ஓட்ட மாட்டேன்" என்றான்.

"ஓட்டாட்டி போ. வேற ஆளா கெடைக்காது?"

பிரகதாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்துக்கொண்டு டயரின் அருகே உட்கார்ந்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நான் வச்ச சந்தனம், நானே தொடைக்கிறேன். 'இந்த எடத்துல நல்லா அப்பு'ன்னு நீங்க சொன்னப்ப பக்தின்னுல்ல நெனச்சேன்!"

சந்தனம் வழிந்து இறங்கியது. கிழிசல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, நூல் நூலாக. அவள் விரலால் புடைப்பை அழுத்திப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் மனைவி காது கேட்க, சவரிநாதனைப் பார்த்துப் பாய்ந்தார். "இம்புட்டுப் பெரிய கிழிசல் இருக்கு, ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

அதுவரை குரலை அடக்கியிருந்த சவரிநாதனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கார்ச் சாவியைப் பூசைத் தட்டில் வீசினான்.

"நான் சொல்லலைன்னா, சந்தனத்த எந்த எடத்துல அப்பணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பிரகதாம்பாள் தட்டிலிருந்த சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போங்க, எந் தம்பி வீட்டுக்குப் போயி ஸ்டெப்னிய நீங்களே உருட்டிக்கிட்டு வாங்க" என்றாள் புருஷனிடம். "சவரிநாதன் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் இந்தச் சாவி வெளிய வரும்."